இறுதிவரை துணைநிற்கும் அறம்

புதுச்சேரியை அடுத்த வில்லியனூருக்கு அருகில், சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது திருக்காஞ்சித் திருத்தலம். தந்தையின் அஸ்திக் கலயத்துடன் தீர்த்த யாத்திரை சென்ற அந்தணர் ஒருவர் இவ்விடத்தில் தங்க, கலயத்திலிருந்த அஸ்தி மலர்களாக மாறியது என்று தலவரலாறு கூறுகிறது. காசிக்கும் வீசம் உயர்ந்த தலம் என்று இதனைப் போற்றுவர். அமாவாசை நாட்களிலும் மாசி மகத்தன்றும் இக்கரையில் எள்ளும் நீரும் இறைத்து முன்னோரை வழிபடுவோர் திரளாகக் கூடுகின்றனர். பிறகு கங்கைவராக நதீஸ்வரரைத் தரிசித்து மனநிறைவுடன் இல்லம் திரும்புகின்றனர்.

உயிர் பிரிந்த பின் ஆற்ற வேண்டிய கடமைகளைத் தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறிந்திருக்கின்றன. காரியம் எந்நாள், முதலாண்டுத் திதி எவ்வாறு என்பனவற்றை வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் அறியாதவற்றைப் புரோகிதர் எடுத்துரைப்பார். ஆனால், உயிர் பிரிவதற்கு முந்தைய மூன்று திங்களோ ஆறு திங்களோ படுக்கையில் கழிக்கும் ஒருவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேட்டறியப் பெரும்பாலான இல்லங்களில் எவருமில்லை. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்ற சொல்லைக் கேட்டுத் திகைத்து நிற்கும் குடும்பங்கள் ஏராளம். உண்மையில், செய்ய வேண்டியவை பல அந்த நாளில்தான் தொடங்குகின்றன. அவற்றைக் கற்றுத்தரும் மருத்துவத் துறைக்கு ஆதரவுச் சிகிச்சை என்று பெயர். ஆங்கிலத்தில் இதனைப் பேலியேட்டிவ் கேர் என்பர். இறுதிக் காலத்தில் இருப்போரை இம்முறையில் பேணும் இல்லத்தை ஹாஸ்பிஸ் என்று அழைக்கின்றனர்.

விருந்தும் போர்வையும்

ஹாஸ்பிஸ் என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலும் உண்டு. அதன் வேரான லத்தீன் சொல் விருந்தினரையும் விருந்தோம்புபவரையும் ஒருங்கே குறிக்கும். யாத்திரிகர்கள் இளைப்பாறும் சத்திரங்களுக்கு ஐரோப்பாவில் முதலில் இப்பெயர் வழங்கியது. இறுதி நோயில் கிடக்கும் ஏழைப் பெண்களைப் பேணுவதற்காக 1842-ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் ழான் கார்னியே என்னும் பெண்மணி ஒரு தொண்டு அமைப்பைத் தோற்றுவித்தார். தம் குழந்தைகளையும் கணவரையும் இழந்து இளம் வயதிலேயே கைம்மை அடைந்தவர் அவர். தம்மைப் போன்ற கைம்பெண்களைத் திரட்டியே அத்தொண்டை நடத்தினார்.

இன்று உலகெங்கும் பரவியுள்ள ஹாஸ்பிஸ் முறைக்கு மருத்துவ வடிவம் தந்தவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகப் பணி தொடங்கி, நோயாளிகளுக்கான சமூகப் பணியாளராக மாறி, பின்னர் மருத்துவமும் பயின்றவர். 1948-ஆம் ஆண்டு, போலந்திலிருந்து வந்து லண்டனில் உற்றார் எவருமின்றி இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற நோயாளி அவரிடம் 500 பவுண்டு தொகையை ஒப்படைத்தார். சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பத்தொன்பது ஆண்டுகள் உழைத்து, 1967-இல் சாண்டர்ஸ் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடல்வலி மட்டுமே வலியன்று. அச்சம், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் குறித்த ஏக்கம் ஆகியவையும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்பது அவர் உலகுக்கு உணர்த்திய உண்மை.

பேலியேட்டிவ் என்ற சொல்லை இத்துறைக்குச் சூட்டியவர் கனடா நாட்டு அறுவை மருத்துவர் பால்ஃபர் மவுண்ட். அச்சொல்லின் மூலமான பாலியம் என்பதற்குப் போர்வை, மேலாடை என்று பொருள். நோயை அகற்ற இயலாதபோதும் நோயாளியைப் போர்த்திக் காக்கலாம் என்பதே அதன் குறிப்பு.

இக்கருத்து தமிழகப் பக்தர்களுக்குப் புதிதன்று. மணிமுத்தா நதிக்கரையிலுள்ள விருத்தாசலத்தை விருத்தகாசி என்று போற்றுவதன் காரணத்தைப் பலரும் கேட்டிருப்பர். அத்தலத்தில் உயிர் நீங்குவோரை அம்பிகை தன் மடியில் கிடத்தி, முன்தானையால் விசிறி இளைப்பாற்றுகிறாள். பழமலைநாதர் அவர்கள் செவியில் உபதேசம் செய்கிறார். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணமும் இச்செய்தியைக் கூறுகிறது. முதலில் மடியும் காற்றும், அதன் பின்னரே மந்திரம். உடலின் தவிப்பு தணிந்த பிறகே உபதேசம் செவியேறும் என்பதை அம்மையும் அப்பனும் அறிந்திருக்கின்றனர்.

காசியிலும் இதற்கென இல்லங்கள் உண்டு. 1958-இல் தொடங்கப்பட்ட காசி லாப முக்தி பவனம் அவற்றுள் பெயர்பெற்றது. இறுதி நாட்களைக் காசியில் கழிக்க விரும்புவோர் குடும்பத்துடன் அங்கு வந்து தங்குவர். நாமசங்கீர்த்தனமும் கீதை வாசிப்பும் அங்கு நடைபெறும். மருத்துவம் அங்கு இல்லை. அந்தச் சூழலோடு வலி தணிக்கும் மருந்தும் செவிலியரின் கையும் சேர்ந்தால் அதுவே ஹாஸ்பிஸ். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் எனப்படும் சாந்தி அவேத்னா 1986-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்டது.

மருத்துவரைத் திருப்பி அனுப்பிய பீஷ்மர்

அம்புப் படுக்கையில் வீழ்ந்த பீஷ்மரிடம், உடலில் தைத்த அம்புகளை அகற்றும் வல்லமை படைத்த மருத்துவர்களைத் துரியோதனன் அழைத்து வந்தான். பீஷ்மர் அவர்களுக்கு உரிய மரியாதை செய்து திருப்பி அனுப்பச் சொன்னார். தம்மைக் குணப்படுத்தும் காலம் கடந்துவிட்டதென்பதை அவர் உணர்ந்திருந்தார். எனினும், தமக்கு எதுவுமே வேண்டாம் என்று அவர் கூறவில்லை. தலை தொங்குகிறது, அணை வேண்டும் என்றார். அரசர்கள் பட்டுத் தலையணைகளைக் கொண்டு வந்தனர், அவற்றை ஏற்கவில்லை. அவர் உள்ளத்தை அறிந்த அர்ச்சுனன் மூன்று அம்புகளை எய்து தலையைத் தாங்கச் செய்தான். தாகம் என்றபோதும் அவ்வாறே. பிறர் குடங்களில் குளிர்ந்த நீர் கொணர்ந்தனர். அர்ச்சுனன் நிலத்தைப் பிளந்து ஊற்று எழச் செய்தான்.

ஆதரவுச் சிகிச்சையின் இலக்கணம் முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. பயன் தராத சிகிச்சையை மரியாதையுடன் நிறுத்தலாம், துணையை நிறுத்தலாகாது. எது வேண்டும் என்பதைப் படுத்திருப்பவரே கூற வேண்டும். சுற்றியிருப்போர் தமக்குச் சிறந்தது எனத் தோன்றுவதைத் திணிப்பதைவிட, அவர் கேட்பதை உணர்ந்து தருவதே தொண்டு.

இச்சிகிச்சை புற்றுநோய்க்கு மட்டும் உரியதென்று கருதுவது தவறு. இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், மறதிநோய், பக்கவாதம் ஆகியவற்றால் வருந்துவோருக்கும் இது தேவை. இறுதி வாரத்தில்தான் நாட வேண்டும் என்பதும் தவறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களிடம் நிகழ்த்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 8.9 மாதங்கள் வாழ்ந்தனர். அதனுடன் தொடக்கத்திலேயே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்கள் 11.6 மாதங்கள் வாழ்ந்தனர்; மனச்சோர்வும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. ஆதரவுச் சிகிச்சையை ஏற்பது உயிரைக் கைவிடுவதாகும் என்ற அச்சத்துக்கு இதுவே விடை.

வலி, வினைப்பயனா?

பக்தியுள்ள குடும்பங்களில் எழும் தயக்கம் ஒன்றுண்டு. "முன்வினையை அனுபவித்தே தீர வேண்டும், மருந்தால் வலியைத் தடுத்தால் அது அடுத்த பிறவிக்குத் தொடராதா?" என்று முதியவர்கள் கேட்பதுண்டு. பசியும் வினைப்பயன் என்று கூறி எவரும் அன்னதானத்தை நிறுத்துவதில்லை. துன்புறுவது ஒருவரின் வினையாக இருக்கலாம். அதைத் துடைப்பது அருகிலிருப்பவரின் கடமையாகும்.

புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள திருவதிகையின் வரலாறும் இதையே உரைக்கிறது. சூலைநோய் வயிற்றைக் குடைந்தபோது திருநாவுக்கரசர் அதைப் பேசாமல் பொறுத்துக்கொள்ளவில்லை. துடித்தார், தமக்கையாரிடம் ஆளனுப்பினார், இரவோடு இரவாக அவரை நாடிச் சென்றார். திலகவதியாரும் "வினையை அனுபவி" என்று விலகவில்லை. திருநீறு அளித்து, இறைவன் திருமுன் அழைத்துச் சென்றார். வலி நீங்கிய பின்னரே உலகுக்கு ஓர் அப்பர் கிடைத்தார்.

மகாபாரதத்தில் இதனினும் தெளிவான சான்று இருக்கிறது. தருமபுத்திரருக்கு அறம் உரைக்குமாறு கண்ணபிரான் வேண்டியபோது, அம்புகளின் வேதனையால் அறிவு கலங்குகிறது, பேச நா எழவில்லை என்று பீஷ்மர் கூறினார். வேதனையும் மயக்கமும் எரிச்சலும் பசியும் தாகமும் அவரைத் தீண்டாதிருக்கக் கண்ணன் வரமளித்தான். அதன் பின்னரே சாந்தி பருவத்து அறவுரைகள் பிறந்தன. விஷ்ணு சகஸ்ரநாமமும் பிறந்தது. வலியைத் தணிப்பது இறை நினைவுக்குத் தடையன்று, வாயில் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இன்றைய மருத்துவத்தில் அவ்வரத்தின் சிறு பங்கை அளிப்பது மார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வலிநிவாரணத்துக்கு மூன்று படிகளை வகுத்தது. பாராசிட்டமால் போன்றவை முதற்படி. கோடீன் போன்ற மிதமான மருந்துகள் இரண்டாம் படி. மார்ஃபின் மூன்றாம் படி. வாய்வழியாக உட்கொள்ளும் மாத்திரையாகவே பெரும்பாலும் தரப்படும். சாதாரண மார்ஃபின் மாத்திரையை வலி வரும்வரை காத்திராமல், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மணி பார்த்துத் தர வேண்டும். இவ்வொழுங்கை வற்புறுத்தி நிலைநாட்டியவர்களுள் சிசிலி சாண்டர்ஸ் முதன்மையானவர்.

இம்மருந்தைப் பற்றிய அச்சங்கள் பல. வலிக்கென மருத்துவர் அளவிட்டுத் தரும்போது அது போதைப் பழக்கமாவது அரிது. உரிய அளவில் தரப்படும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம். பின்னர் அவை குறையும். மலச்சிக்கல் மட்டும் உறுதியாக ஏற்படும். எனவே மலமிளக்கியையும் தொடக்கத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். மருந்து வலிக்குப் போதவில்லை எனில் தாமாக அளவைக் கூட்டாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்று அபினி பயிரிடும் நாடு இந்தியா. ஆயினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையால் நோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பது நீண்ட காலம் அரிதாக இருந்தது. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவப் பயன்பாட்டுக்கான நடைமுறை எளிதாக்கப்பட்டது.

சொல்வதா, மறைப்பதா?

"அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்." மருத்துவமனைகளில் நாள்தோறும் ஒலிக்கும் வேண்டுகோள் இது. அன்பினால் எழுவதே ஆயினும் இதன் விளைவு கொடியது. தந்தைக்குத் தம் உடலின் நிலை பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். பிள்ளைகள் வருந்துவர் என்று அவர் பேசுவதில்லை. அவர் வருந்துவார் என்று பிள்ளைகள் பேசுவதில்லை. ஒரே கூரையின் கீழ் ஒவ்வொருவரும் தனித்தனியே அழுகின்றனர். கூற வேண்டிய நன்றியும், கேட்க வேண்டிய மன்னிப்பும், முடிக்க வேண்டிய பிரார்த்தனையும் கூறப்படாமலே காலம் கடந்துவிடுகிறது.

பரீட்சித்து மன்னனுக்கு ஏழு நாட்களில் மரணம் என்ற சாபம் நேர்ந்தபோது, சமீக முனிவர் அதை மறைக்கவில்லை. தம் மைந்தன் அவசரப்பட்டு இட்ட சாபத்துக்கு வருந்தியவாறே, சீடனை அனுப்பி மன்னனுக்கு அறிவித்தார். உண்மையை அறிந்ததால்தான் பரீட்சித்து கங்கைக் கரையில் அமர்ந்து சுகப்பிரம்மத்திடம் பாகவதம் கேட்டான். மறைத்திருந்தால் அந்த ஏழு நாட்களும் அரண்மனை அலுவல்களில் கழிந்திருக்கும்.

அதற்காக, நோயின் விவரம் முழுவதையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. "உங்கள் உடல்நிலை பற்றி என்ன நினைக்கிறீர்கள்? எந்த அளவுக்குத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று முதலில் கேட்பதே பயிற்சி பெற்ற மருத்துவர்களின் முறை. கேட்பவர் வேண்டும் அளவுக்கு, அவர் தாங்கும் வேகத்தில் சொல்ல வேண்டும். தெரிந்துகொள்ள விரும்பாதவரை வற்புறுத்தவும் கூடாது. "ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்" என்ற பொய்யைக் காட்டிலும், "எது நேர்ந்தாலும் கூடவே இருப்போம்" என்ற மெய் மிகுந்த ஆறுதலைத் தரும்.

வீட்டில் செய்யத்தக்கவை

ஆதரவுச் சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டிலேயே செய்யத்தக்கது. அதற்கு வேண்டியவை சிறிது பயிற்சியும் மிகுந்த பொறுமையும் ஆகும்.

தாமாகப் புரண்டு படுக்க இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது படுக்கைப் புண்ணைத் தடுக்கும் முதல் வழி. முதுகு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்கள் சிவந்துள்ளனவா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். விரிப்பில் சுருக்கமோ ஈரமோ இருக்கலாகாது. வாயை மென்மையான துணியால் துடைத்து ஈரமாக வைத்திருப்பது, உணவினும் மிகுந்த இதம் தரும்.

மூச்சுத் திணறலின்போது தலைப்பக்கத்தை உயர்த்தி, சாளரத்தைத் திறந்து, முகத்தில் காற்றுப்படச் செய்தால் தவிப்பு குறைகிறது. சிறு கைவிசிறியும் போதும். இதனை மருத்துவ ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன. விருத்தாம்பிகையின் முன்தானை விசிறியது வீணில்லை.

புற்றுநோய்ப் புண்ணிலிருந்து எழும் நாற்றம் நோயாளியை வெட்கத்தில் ஆழ்த்துகிறது. உறவினரை விலகச் செய்கிறது. மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணின்மேல் இடுவதால் நாற்றம் பெரிதும் தணியும். மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்க வேண்டிய செய்தி இது. புற்றுநோய் தொற்றுநோயன்று. அருகில் அமரவும், கைபிடிக்கவும், பேரக் குழந்தைகள் அவரிடம் செல்லவும் தடையேதுமில்லை.

உணவைப் பற்றி ஒரு சொல். இறுதி நாட்களில் பசி தானாகக் குறையும். உண்ணாததால் அவர் இறக்கவில்லை. உடல் விடைபெறத் தொடங்கியதால் உண்ணவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் சென்று துன்பத்தை மிகுவிக்கும். இறுதி நேரத்தில் கங்கை நீரும் துளசித் தீர்த்தமும் பாலும் வார்ப்பது தொன்றுதொட்ட வழக்கம். அதை விட வேண்டியதில்லை. விழுங்க இயலாதவருக்கு வாயில் ஊற்றாமல், பஞ்சில் நனைத்து உதட்டையும் நாவையும் ஈரப்படுத்தினால் போதும். மரபும் நிறைவேறும், மூச்சும் தடைப்படாது. அந்நேரத்தில் தொண்டையில் எழும் கரகர ஒலி கேட்போரை அஞ்சச் செய்யும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் அது குறையும்.

கண்மூடிக் கிடப்பவருக்கும் செவி கேட்கக்கூடும் என்று கருதியே அருகில் பேச வேண்டும் என்பது செவிலியர்களின் பாடம். சொத்துப் பேச்சும் சடங்குச் செலவுப் பேச்சும் அவ்வறையில் கூடா. அவருக்குப் பழகிய தேவாரமோ திவ்யப் பிரபந்தமோ மெல்லிய குரலில் ஒலிக்கலாம். செவியில் மந்திரம் ஓதும் மரபு இதை முன்பே அறிந்திருந்தது.

தாங்குவோரையும் தாங்க வேண்டும்

ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அவரைப் பேணும் சுமை பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளிலேயே விழுகிறது. மனைவியோ, மகளோ, மருமகளோ இரவு உறக்கமின்றி உழைக்கிறார். பார்க்க வரும் உறவினர் குறை கூறிச் செல்கின்றனர். பழக்கூடையுடன் வந்து அரைமணி அமர்ந்து செல்வதைக் காட்டிலும், "இன்று பிற்பகல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் உறங்குங்கள்" என்று கூறும் உறவினரே உண்மையான துணைவர்.

அண்டை வீட்டாரே இத்தொண்டை ஏற்ற நிலம் கேரளம். 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் தொடங்கிய வலி தணிப்பு மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கம், பொதுமக்களுக்கே பயிற்சி அளித்து வீடுகளுக்கு அனுப்பியது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. ராஜகோபால் 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹே, கோழிக்கோட்டுக்கு அருகில் கேரளத்தின் நடுவிலேயே அமைந்துள்ளது. உழவாரப் பணிக்கும் அன்னதானத்துக்கும் திரளும் அடியார் குழுக்கள் புதுச்சேரியில் பல உண்டு. வாரத்தில் ஒரு பிற்பகலைப் படுக்கையிலிருக்கும் ஒருவருக்கு அவை ஒதுக்கினால், அதுவும் உழவாரமே.

பொருள் பற்றிய கவலையும் முழு வலியின் ஒரு பகுதி. பயன் தராதென்று மருத்துவரே கூறிய சிகிச்சைக்காக வீட்டை அடகு வைத்து, எஞ்சியோரைக் கடனில் ஆழ்த்துவதைப் பெரும்பாலான நோயாளிகள் விரும்புவதில்லை. அவர்களிடம் கேட்கப்படுவதில்லை என்பதே குறை. வங்கிக் கணக்குகள், வைப்புத் தொகைகள், பெட்டகம் ஆகியவற்றுக்கு நாமினி குறிக்கப்பட்டுள்ளதா என்பதை நினைவு தெளிவாக உள்ளபோதே சரிபார்க்க வேண்டும். கையொப்பமிட இயலாத நோயாளி தம் கணக்கிலிருந்து பணம் பெற ரிசர்வ் வங்கி வழி வகுத்துள்ளது. வங்கி அறிந்த இரு சாட்சிகள் முன்னிலையில் அவர் கை அல்லது கால் பெருவிரல் ரேகை வைக்கலாம். சாட்சிகளில் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருக்க வேண்டும். இதை அறியாமல் நோயாளியை ஆட்டோவில் ஏற்றி வங்கிக்குக் கொணர்வோரும் உண்டு. கிளைக்கு ஒரு கடிதம் எழுதுவதே முதற்படி.

நலமாயிருக்கும்போதே

இறுதி நேரத்தில் உடல் தளர்ந்து, இறைவனை நினைக்கவும் இயலாது போகலாம் என்று அஞ்சிய பெரியாழ்வார், நலமாக இருக்கும்போதே திருவரங்கனிடம் தம் வேண்டுகோளை முன்கூட்டிச் சமர்ப்பித்துவிடுகிறார். தன்னுணர்வுள்ள காலத்திலேயே தன் முடிவைப் பற்றிச் சொல்லிவைக்கும் அறிவுடைமை அது.

இந்நாட்டுச் சட்டமும் இன்று அதற்கு இடமளிக்கிறது. உயிர்த்துடிப்பைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சையை எந்நிலையில் நிறுத்தலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. நடைமுறைச் சிக்கல்களை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. வயது வந்த எவரும், தெளிந்த மனத்துடன், இரு சாட்சிகள் முன்னிலையில் இதனை எழுதிக் கையொப்பமிடலாம். நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றளிக்க வேண்டும். தாம் பேச இயலாத நிலையில் தமக்காக முடிவெடுப்போரையும் அதில் குறிப்பிட வேண்டும். அந்நிலை ஏற்படும்போது மருத்துவமனையின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து இசைந்த பின்னரே சிகிச்சை நிறுத்தப்படும். ஊசியிட்டு உயிரைப் போக்குவது இதில் அடங்காது. அது இன்றும் சட்டப்படி குற்றமே.

ஆவணம் எழுதாவிட்டாலும், வீட்டாரிடம் வாய்மொழியாகவேனும் கூறிவைப்பது நன்று. இறுதி நாட்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிக்க விருப்பமா, வீட்டில் கழிக்க விருப்பமா? அருகில் யார் இருக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தெரிந்த பிள்ளைகள், மருத்துவமனை வராந்தாவில் ஒருவரையொருவர் குற்றம் சாட்டி நிற்க நேராது.

எங்கே கேட்பது?

பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் வழிவந்தது கோரிமேட்டிலுள்ள ஜிப்மர். அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் புதுச்சேரியிலிருந்து மட்டுமல்லாமல் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் இடத்திலேயே, வலி தணிப்பும் ஆதரவுச் சிகிச்சையும் வேண்டும் என்று கேட்கலாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் வாழ்வோருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் ஆதரவுச் சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையும் இதனை அடிப்படை மருத்துவ சேவைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது.

எனினும் தேவைக்கும் சேவைக்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது. உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இச்சிகிச்சை தேவைப்படுகிறது. அதனைப் பெறுவோர் நூற்றுக்குப் பதினான்கு பேர் மட்டுமே என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கேட்காததால் கிடைக்காமல் போனோரும் இவர்களுள் பலர். ஆகவே, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற சொல் செவியில் விழும் நாளில், குடும்பத்தார் தயங்காமல் ஒரு வினாவை எழுப்ப வேண்டும்: "நோயைக் குணப்படுத்த இயலாதெனில், இவருடைய வலியையும் தவிப்பையும் தணிக்க என்ன செய்யலாம்? அதற்கு யாரைப் பார்க்க வேண்டும்?"

கோயிலில் தரிசனம் முடிந்ததும் பிரகாரத்தில் சற்று நேரம் அமர்ந்து வருவது பெரியோர் வழக்கம். பிறருக்குச் சுமையாகாத வாழ்வும், துன்பமில்லாத முடிவும் வேண்டும் என்று அப்போது அவர்கள் வேண்டிக்கொள்வார்கள். அவ்வேண்டுதலைக் கேட்கும் இறைவன், அதனை நிறைவேற்றும் பொறுப்பின் ஒரு பகுதியை உடனிருப்போர் கைகளிலும் ஒப்படைத்திருக்கிறான்.